துருவேறி இறுகிய சஸ்பென்ஷன் போல்ட்டுகளை வீட்டிலேயே கழற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: "2003 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். வீடு தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். இரண்டு லோயர் ஆர்மும் முன் ஷாக் அப்சார்பரும் போய்விட்டன என்றார் மெக்கானிக். புதுசு வாங்கி வைத்துவிட்டேன். வீட்டிலேயே மாற்றலாம் என்று இறங்கினால் ஒரு போல்ட்கூட அசையவில்லை. ஒன்றின் தலை உருண்டே போய்விட்டது. வெட்டாமல் கழற்ற வழி உண்டா?"

உண்டு. பெரும்பாலானவை வெட்டாமலே வரும். ஒன்றிரண்டை வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கும், அதற்கும் வழி சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். கோபத்தோடு இன்னொரு இழுப்பு இழுத்தால் உருண்ட தலை ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தால் அந்தக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இது மூன்று நாள் வேலை. அதில் இரண்டு நாள் எண்ணெய்தான் வேலை செய்யும், நீங்கள் காத்திருப்பீர்கள்.

நானும் கடலோரக்காரன். உப்புக்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று இருபது வருஷமாக வீட்டு வாசலில் வைத்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் பலத்தை நம்பித்தான் இறங்கினேன். ஒரு முறை ஸ்டெபிலைசர் பாரின் (திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) முனையில் இருந்த நட்டை நாலடி பைப் போட்டு இழுத்தேன். நட்டு வரவில்லை, பாரின் மரை முனையே முறுகிக் கையோடு வந்துவிட்டது. மாற்றப் போனது முந்நூறு நானூறு ரூபாய் ரப்பர் புஷ். அதற்காக நல்ல பார் ஒன்று போயிற்று. அன்றிலிருந்து எந்த வேலையிலும் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே எது போனால் பரவாயில்லை, எது போகக் கூடாது?

உங்கள் காரில் அந்தக் கணக்கு இப்படி வரும். பழைய லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோடு இணைக்கும் கை), அதன் புஷ், அதன் வெளிமுனையில் இருக்கும் பால் ஜாயின்ட், பழைய ஷாக் அப்சார்பர், எல்லா போல்ட், நட்டு: இவை போனால் பரவாயில்லை, எப்படியும் தூக்கிப் போடப் போகிறீர்கள். நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் கனமான இரும்பு), பாடியில் இருக்கும் பிராக்கெட், அதற்குள் வெல்டு பண்ணியிருக்கும் நட்டு, ஸ்டெபிலைசர் பார், பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையான பூட்: இவை போகக் கூடாது. அடி, சூடு, வெட்டு எல்லாமே முதல் பட்டியலில் இருப்பவற்றின் மேல்தான் விழ வேண்டும். சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டால் வேலை கெடாது.

இதனால்தான் போல்ட்டையும் நட்டையும் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்கிறேன். புது போல்ட் கையில் இருந்தால் பழையதை வெட்ட மனசு தயங்காது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும் இந்தச் சாமான்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஸ்பேர்ஸ் கடையில் சஸ்பென்ஷனுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் அளவு மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த எஃகு அறுந்துபோகும் இழுவிசை, மெகாபாஸ்கல் கணக்கில். இரண்டாவது எண், அதில் பத்தில் எத்தனை பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. பழைய போல்ட்டில் 10.9 என்று இருந்தால் புதுசிலும் அதுவே இருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டை இந்த இடத்தில் போடவே போடாதீர்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 800 சின்ன கார்தான், ஆனாலும் சுமார் 650 கிலோ. காரோடு வந்த ஜாக்கி, ஸ்டெப்னி மாற்ற மட்டும். அதன்மேல் காரை நிறுத்திவிட்டுக் கீழே போய் போல்ட்டை இழுக்கக் கூடாது. இறுகிய போல்ட்டை இழுக்கும்போது கார் மொத்தமும் ஆடும். ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வைத்து முட்டுக்கொடுப்பதை நம் பக்கம் நிறையப் பார்க்கிறோம். கல் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் ஒரே நொடியில் பொடியாகும். தளம் சிமெண்டாக இருக்கட்டும், மண் தரையில் ஸ்டாண்டு புதையும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கழற்றிய முன் சக்கரத்தைப் படுக்கவைத்துப் பாடிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் கார் டயர் மேல் உட்காரும், உங்கள் மேல் உட்காராது. கண்ணாடி போடுங்கள். மேலிருந்து துருத்தூள் கொட்டப்போவது நேராகக் கண்ணில்தான்.

முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுகி நிற்கும், லோயர் ஆர்மை அதிலிருந்து விடுவிப்பது பெரும்பாடாகும்.

இப்போது எண்ணெய். அதற்கும் முன்னால் கம்பி பிரஷ். எல்லா போல்ட்டிலும் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சேறு, பழைய கிரீஸ், துரு எல்லாம் போகத் தேயுங்கள். நட்டு வெளியே வர வேண்டிய பாதை அதுதான். அந்தப் பாதையில் துரு மேடாக இருந்தால், உள்ளே இளகிய நட்டும் பாதி வழியில் வந்து மறுபடி இறுகும். மரைப் பள்ளங்கள் பளிச்சென்று தெரிகிற வரை தேய்த்த பிறகு எண்ணெய் விடுங்கள்.

எந்த எண்ணெய் என்று எல்லோரும் கேட்பார்கள். டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டித் துருப்பிடிக்காமல் காக்கத்தான் அதை உருவாக்கினார்கள். பெயரே அதைத்தான் சொல்கிறது: ஈரத்தை விரட்டும் திரவம், நாற்பதாவது முயற்சி. ஒன்றும் இல்லாததற்கு அது நல்லதுதான், ஆனால் இறுகிய மரைக்கென்றே பெனட்ரேட்டிங் ஆயில் தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். பட்டறைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் விடுவார்கள். நாள் கொடுத்தால் அவையும் இறங்கும். அசிட்டோனையும் பவர் ஸ்டீயரிங் ஆயிலையும் பாதிக்குப் பாதி கலந்து விடுகிறவர்களும் உண்டு. நன்றாக வேலை செய்கிறது, ஆனால் இரண்டும் சேர்ந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டை அரிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் சூடு காட்டப்போகிற நாளில் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. பிரேக் ஆயில் விடுகிற பழக்கம் வேண்டாம், அது பெயின்ட்டை உரித்துவிடும்.

எண்ணெயைவிட முக்கியம், அதற்குக் கொடுக்கும் நேரம். முதல் நாள் காலை, சாயங்காலம், மறுநாள் அதே மாதிரி. ஒவ்வொரு முறை விட்ட பிறகும் போல்ட் தலையின் மேல் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டுத் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், 'ணங்' என்று சத்தம் வந்தால் போதும். துரு என்பது நொறுங்கும் பொருள். எஃகு அதிர்ந்தாலும் தாங்கும், துரு விரிசல் விடும், அந்த விரிசலில்தான் எண்ணெய் இறங்கும். பிரேக் டிஸ்க்கைப் பாலிதீன் உறையால் மூடிவிட்டு எண்ணெய் விடுங்கள். பேடில் எண்ணெய் பட்டால் பிறகு பிரேக் பிடிக்காது.

மூன்றாம் நாள் ஸ்பேனரை எடுக்கலாம். அதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பதில் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். 'ஜாம் ஆகிவிட்டது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் பிடிக்கும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. நட்டின் மரையில் பிடிக்கலாம். மரை நன்றாக இருந்து, போல்ட்டின் உடம்பு புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டு மாதிரிக் கூம்பு வடிவத்தில் இறங்கியது அழுத்தத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். பால் ஜாயின்ட் மாதிரிப் பிளவு விட்ட கண்ணுக்குள், அதாவது துளைக்குள், இறுக்கப்பட்டது துருவில் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

மரையில் பிடித்திருப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். ஆறு பட்டை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு பட்டை வேண்டாம். பன்னிரண்டு பட்டை முனையை மட்டும் பிடிக்கும், உங்கள் தலை உருண்டதற்குக் காரணம் அதுவாகவோ ஓப்பன் ஸ்பேனராகவோதான் இருக்கும். முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாகவே அழுத்துங்கள். ஒரு நூலளவு அசைந்தால் போதும், பூட்டு உடைந்தது என்று அர்த்தம். அப்புறம் கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் சந்தோஷத்தில் ஒரேயடியாகச் சுற்றிவிடாதீர்கள். பாதி திரும்பி, கால் பங்கு பின்னால் வந்து, மறுபடி முன்னால். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எண்ணெய். மரையிலிருந்து ஈரமான செம்பொடி காவிக் குழம்பு மாதிரி வழியும். அது வழிய வழியப் பிடி இளகும்.

கையில் என்ன உணர்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். போல்ட் உண்மையாகவே கழலும்போது முதலில் 'கிறீச்' என்று ஒரு சத்தம், அல்லது 'டக்' என்று ஒரு விடுபடல் இருக்கும். அதற்கு மாறாகச் சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மெதுவாகத் திரும்பிக்கொண்டே வந்தால் உடனே நிறுத்துங்கள். அது கழலவில்லை, முறுகிக்கொண்டிருக்கிறது. இன்னும் அரைச்சுற்றில் அறுந்துவிடும். இழுக்கும் பலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டடிக் கம்பியின் நுனியில் நாற்பது கிலோ எடையைப் போட்டு அழுத்தினால் கிட்டத்தட்ட 240 நியூட்டன் மீட்டர். 8.8 தர 12 மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கும் அளவே பொதுவாக 80 முதல் 90 நியூட்டன் மீட்டர்தான். அதாவது நாலடி பைப் போட்டு இழுக்கிறவர், கழற்றுவதற்குத் தேவையான பலத்தை எப்போதோ தாண்டிவிட்டார். அங்கே பலம் போதவில்லை என்று தோன்றினால் இன்னும் நீளமான பைப்பைத் தேடாதீர்கள், சூட்டுக்குப் போங்கள்.

இன்னொன்று. ஷாக் அப்சார்பரை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளில், தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். சில கார்களில் அந்த போல்ட்டின் உடம்பில் பல் வெட்டியிருக்கும். தலையைத் திருப்பினால் நக்கிளின் துளை பெரிதாகிவிடும். உங்கள் காரில் பல் இருக்கிறதோ இல்லையோ, நட்டைத் திருப்புவதையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் ஷாக் அப்சார்பர் பிராக்கெட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் வைக்க. நட்டு வந்த பிறகும் போல்ட் வெளியே வராமல் முரண்டுபிடித்தால், நட்டை முனை மட்டத்துக்கு மறுபடி போட்டு அதன்மேல் அடியுங்கள். வெறும் மரையில் அடித்தால் நுனி பூ மாதிரி விரிந்து துளைக்குள் நுழையாமல் போகும்.

சூடு ஏன் வேலை செய்கிறது என்று பார்த்தால், எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 400 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அந்தத் துளை சுமார் 0.06 மில்லிமீட்டர் பெரிதாகும். ஒரு தலைமுடியின் கனம். துருவின் பிடியை உடைக்க அது போதும். அதனால் நட்டைத்தான் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. சுடர் நட்டின் ஒரு பட்டையில் நிற்கட்டும். இரும்பு நீலம் பூத்தால் 300 டிகிரியை எட்டிவிட்டது, மங்கலாகச் சிவந்தால் 550-க்கு மேல். சிவக்கும் வரை போகத் தேவையில்லை. சூடு காட்டி, உடனே ஸ்பேனர். வரவில்லையா, ஆறவிட்டு மறுபடி. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் துரு கொஞ்சம் விரிசல் விடும். ஆறிக்கொண்டிருக்கும் நட்டில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் இழுத்துக்கொள்ளும், பல நேரம் அதோடு கழன்றுவிடும். சூடு காட்டிய போல்ட்டும் நட்டும் தரம் இழந்தவை, திரும்பப் போடக் கூடாது.

எங்கெல்லாம் சூடு காட்டக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். ஷாக் அப்சார்பர் உடம்பில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். உள்ளே எண்ணெய் இருக்கிறது, பலவற்றில் அழுத்தத்தில் கேஸும் இருக்கிறது, வெடிக்கும். பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் பூட், பெட்ரோல் லைன் பக்கம் வேண்டாம். நக்கிளில் வீல் பேரிங் உட்கார்ந்திருக்கிறது, அங்கே நீண்ட நேரம் சுடர் காட்டினால் அதன் கிரீஸ் போய்விடும். பெனட்ரேட்டிங் ஆயில் ஊறிய இடம் தீப்பிடிக்கும், துணியால் துடைத்துவிட்டு ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் சூடே காட்டாதீர்கள். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த திரவம் இருக்கும், சூடு பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாகும்.

இனி லோயர் ஆர்மின் உள்பக்க போல்ட். பெரும்பாலும் உங்களை அழவைக்கப்போவது இதுதான். புஷ் என்பது ஒரு ரப்பர் உருளை, நடுவில் ஒரு இரும்புக் குழாய். போல்ட் அந்தக் குழாய் வழியாகப் போகிறது. இருபது வருஷத்தில் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து குழாயும் போல்ட்டும் ஒரே இரும்பாகிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் உள்ளே இடைவெளி என்பதே மிச்சம் இருக்காது. அடையாளம் சுலபம். நட்டு கழன்றிருக்கும். தலையைத் திருப்பினால் திரும்புவதுபோல இருக்கும், ஸ்பேனரை விட்டதும் ஸ்பிரிங் மாதிரித் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். முறுகுவது ரப்பர்தான், போல்ட் இம்மியும் நகரவில்லை. இந்த உணர்வைக் கையில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அங்கே முதலில் எண்ணெயும் சுத்தியலும். நட்டை முனையில் விட்டு, நல்ல கனமான சுத்தியலால் நேராக அடித்து ஊடே தள்ளப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நம்பிக்கை உண்டு. பத்து நிமிஷம் அடித்தும் நகரவில்லை என்றால் இன்னும் அடிக்காதீர்கள், பாடி பிராக்கெட் வளையத் தொடங்கும். வெட்டிவிடுங்கள். புஷ் குழாயின் முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும். ஆர்மைக் கட்டையால் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் பிளேடு நுழைய ஒரு கீற்று இடம் கிடைக்கும். கிரைண்டர் டிஸ்க் அந்த இடத்தில் பெரும்பாலும் நுழையாது. நான் ஹேக்ஸா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றி, கையாலேயே அறுப்பேன். நல்ல பைமெட்டல் பிளேடு, அங்குலத்துக்கு 24 பல், அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய். ஒரு வெட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். ரெசிப்ரோகேட்டிங் சா இருக்கும் நண்பர் கிடைத்தால் ஐந்து நிமிஷம். இரண்டு வெட்டும் முடிந்ததும் ஆர்ம் நடுத்துண்டோடு கீழே விழும். ரப்பரை எரித்து எடுக்கிற வழியும் இருக்கிறது, அந்தப் புகையை வீட்டு வாசலில் கிளப்பாதீர்கள்.

நட்டு பாடியோடு வெல்டு பண்ணியதாக இருக்கும் இடத்தில் மட்டும் தனி நிதானம் வேண்டும். போல்ட்டைத் திருப்பும்போது உள்ளே அந்த நட்டும் சேர்ந்து சுற்றுவதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெல்டு விட்டுப்போயிருக்கிறது. அதற்குப் பாடியில் ஜன்னல் மாதிரி வெட்டி, நட்டைப் பிடித்து, மறுபடி வெல்டு பண்ண வேண்டும். அது வாசலில் செய்யும் வேலை இல்லை.

ஸ்டெபிலைசர் பார் முனைக்கு வருவோம். மாருதி 800-இல் அந்தக் கம்பியின் முனை லோயர் ஆர்முக்குள் நுழைந்து, புஷ், வாஷர், நட்டு என்று நிற்கும். சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வதும் இதே கம்பிதான். நட்டில் ஸ்பிளிட் பின் இருக்கும், துருவில் அது நட்டோடு ஒன்றாகியிருக்கும். குறட்டால் இழுத்தால் முனை மட்டும் ஒடியும். இரு பக்கமும் மட்டமாக வெட்டிவிட்டு மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டுங்கள், இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் டிரில்லால் குடையுங்கள். பின்னை எடுக்காமல் நட்டைத் திருப்பினால் மரை சிதையும். நட்டு அசையவில்லை என்றால் என் கதையை நினைத்துக்கொண்டு பைப்பை எடுக்காதீர்கள். நட்டின் ஒரு பட்டையைக் கிரைண்டரில் மரையைத் தொடாத ஆழம் வரை சீவி, மிச்சத்தை உளியால் ஒரு தட்டுத் தட்டினால் நட்டு பிளந்து வாய் திறக்கும். போவது நட்டு மட்டும், பாரின் மரை பிழைக்கும். கிரைண்டரின் டிஸ்க்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றாதீர்கள், முகக்கவசம் போடுங்கள், பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பால் ஜாயின்ட்டின் தண்டு நக்கிளின் கண்ணுக்குள் ஏறியிருக்கும், குறுக்கே ஒரு போல்ட் இறுக்கும். அந்தக் குறுக்கு போல்ட் தண்டில் வெட்டிய பள்ளம் வழியாகப் போவதால் அதை முழுக்க வெளியே எடுக்காமல் தண்டு வராது. தளர்த்தினால் போதும் என்று நினைத்து மணிக்கணக்கில் நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்ட் வந்ததும் கண்ணின் பிளவில் எண்ணெய் விட்டு, ஒரு பட்டை உளியை மெதுவாகத் தட்டிச் செருகுங்கள். வாய் ஒரு மயிரிழை திறந்தால் போதும், அதற்கு மேல் அடித்தால் கண் விரிசல் விடும், நக்கிள் 'போகக் கூடாத' பட்டியலில் இருக்கிறது. அப்புறம் லோயர் ஆர்மின் மேல் நீளமான கம்பியை வைத்துக் கீழே அழுத்துங்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் தட்ட வேண்டும். ஆள் துணை இந்த இடத்துக்குத்தான் தேவை. எனக்கு என் மச்சான் வந்து நிற்பார். கீழே கை வைக்காதீர்கள், விடும்போது சொல்லிக்கொண்டு விடாது.

டை ராட் எண்டைக் கழற்ற வேண்டியிருந்தால் அது கூம்பு. இழுப்பதாலும் திருப்புவதாலும் வராது. நட்டைச் சில மரை தளர்த்தி அப்படியே விட்டுவிட்டு, ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். மூன்று நாலு அடியில் 'டப்' என்று விழும். கண் ஒரு நொடி முட்டை வடிவமாகிக் கூம்பை உதறிவிடுகிறது. இரட்டைப்பல் ஃபோர்க் வைத்து அடித்தால் ரப்பர் பூட் கிழியும், திரும்பப் போடப்போகிற டை ராட் எண்டில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஷாக் அப்சார்பரை எடுக்கும்போது பானெட்டைத் திறந்தால் மேலே சுற்றி இருக்கும் சின்ன நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடாதீர்கள். சுருட்டி அழுத்தி வைத்த காயில் ஸ்பிரிங்கை அது ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் குண்டு மாதிரிப் பாயும், ஆள் செத்துப்போகலாம். நீங்கள் வாங்கியது வெறும் ஷாக் அப்சார்பர் என்றால், ஸ்பிரிங்கோடு சேர்ந்த மொத்தத்தையும் வீட்டில் இறக்கி, பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டு வாங்கி வாருங்கள். என்னிடம் எல்லாச் சாமானும் இருந்தும் நான் இந்த ஒரு வேலைக்குப் பட்டறைக்குத்தான் போகிறேன். புது லோயர் ஆர்மில் புஷ் ஏற்றாமல் வந்திருந்தால் அதையும் அங்கேயே பிரஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். இறக்கும்போது நக்கிள் வெளியே சாயும். பிரேக் கேலிப்பரும் நக்கிளும் ஹோஸில் தொங்க விடாமல் கட்டுக்கம்பியால் மேலே கட்டிவையுங்கள்.

உங்கள் உருண்ட தலைக்கு: அது 17 மில்லிமீட்டர் தலை என்றால் அரத்தால் ஆறு பட்டைகளையும் சமமாகச் சீவி 16 ரிங் ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். 14 என்றால் 13. பிடிக்கவில்லை என்றால், தலையின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளே வெல்டு பண்ணச் சொல்லுங்கள், நடமாடும் வெல்டர்கள் வாசலுக்கே வருவார்கள். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும், நட்டில் ஸ்பேனர் போட்டால் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். வெல்டு வைக்கும் முன் பேட்டரி டெர்மினல்களைக் கழற்றிவிடுங்கள். துளைக்குள்ளேயே அறுந்துபோன போல்ட்டுக்கும் முதலில் இதே வைத்தியம்தான். அறுந்த போல்ட்டில் துளை போட்டு உள்ளே இறக்கித் திருப்பும் ஈசி அவுட்டை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். அது போல்ட்டைவிடக் கடினம், உள்ளே ஒடிந்தால் டிரில்லும் இறங்காது.

திரும்பப் பூட்டும்போது மூன்று விஷயம். போல்ட்டின் உடம்பிலும் புஷ் குழாயின் உள்ளேயும் ஆன்டி சீஸ் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள், அடுத்த முறை ஹேக்ஸா தேவைப்படாது. டை ராட் எண்டின் கூம்பில் மட்டும் எதுவும் தடவக் கூடாது, அது உலர்ந்த பிடியில்தான் நிற்கிறது. மரையில் பேஸ்ட் பட்டால் அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்குவிசை) போல்ட் அதிகமாக இழுபடும், அதனால் மரையைத் துடைத்துவிட்டு மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னும் நைலான் நட்டும் புதுசு.

மூன்றாவதைப் பட்டறைகளிலேயே பலர் செய்வதில்லை. புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. ரப்பர், இறுக்கிய நிலையையே தன் நேர்நிலை என்று பிடித்துக்கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே போகும், ரப்பர் எந்நேரமும் முறுகியே நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். புது புஷ் ஆறு மாசத்தில் போய்விட்டது, சாமான் டூப்ளிகேட் என்று திட்டுவார்கள். பல நேரம் காரணம் இதுதான். அதனால் எல்லாவற்றையும் கையால் ஓரளவு மட்டும் இறுக்குங்கள். பால் ஜாயின்ட்டுக்குக் கீழே ஜாக்கியை வைத்து, அந்தப் பக்கம் கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பப் போகும் அளவுக்கு உயர்த்துங்கள். சஸ்பென்ஷன் ஓடும் நிலைக்கு வந்திருக்கும். அப்போது புஷ் போல்ட்டையும் ஸ்டெபிலைசர் நட்டையும் கடைசி இறுக்கு இறுக்கி, ஸ்பிளிட் பின் போடுங்கள்.

சக்கரம் மாட்டிக் கீழே இறக்கியதும் முதலில் பிரேக் பெடலை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று கண்ணால் பாருங்கள். தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று, அப்புறம் அலைன்மென்ட் கடை. நீங்கள் போட்ட பெயின்ட் கோடு அதுவரை ஓட்டிப் போவதற்குத்தான், அலைன்மென்ட்டுக்குப் பதில் ஆகாது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு காலையில் மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, பூட்டிய ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.